தொண்டைப் புண்ணும் இருதயமும்

மாயாபந்தர் வாசகர்களுக்குச் சிக்குன்குனியாவை நினைவூட்ட வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு அந்தமான் தீவுகளில் அது பரவியபோது, ஜுரம் சில நாட்களில் நீங்கிற்று. மூட்டு வலியோ பலரை மாதக்கணக்கில் வாட்டிற்று. கிருமி ஒழிந்த பின்னும் துன்பம் தொடர்வது எங்ஙனம் என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். நோய்க்கு நோய் காரணம் வேறுபடும். எனினும், தொற்று நீங்கிய பின் நம் தேகமே நம்மைத் தாக்குவதற்கு நன்கறிந்த சான்று வாதக் காய்ச்சல். வைத்தியர்கள் அதனை ருமாட்டிக் ஜுரம் என்பர்.

ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளையே இது பெரும்பாலும் பற்றும். முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப் புண் வரும். சில நாளில் அது ஆறிவிடும், வீட்டாரும் மறந்துவிடுவர். இரண்டு மூன்று வாரங்கழித்து மீண்டும் ஜுரம். முழங்கால் வீங்கும், அது வடியுமுன் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறும். வளர்கிற பிள்ளைக்கு வரும் வலிதானே என்று பாட்டிமார் எண்ணெய் தேய்ப்பர். மூட்டுகள் தேறிவிடும். இருதய வால்வுகள் எப்போதும் அங்ஙனம் தேறுவதில்லை.

காரணம் விந்தையானது. தேகத்தின் காவற்படை கிருமியை அதன் அடையாளங்கொண்டே தேடி அழிக்கின்றது. இக்கிருமியின் மேற்புறத்துப் புரதமொன்று இருதயத்திலுள்ள சில புரதங்களை ஒத்திருக்கின்றது. இரயில்வேயில் பேனா பிடிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்: நீலச் சட்டைத் திருடனைப் பிடிக்கச் சொன்னால், நீலச் சட்டையணிந்த அப்பாவிப் பிரயாணியும் அகப்படுவான். (இரயிலையே காணாத மாயாபந்தர்ப் பிள்ளைகள் கப்பல் துறையை எண்ணிக்கொள்க.) தொண்டைப் புண் கண்ட எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. வந்தவர்க்கு மீண்டும் மீண்டும் வருமாயின், வால்வு மேலும் மேலும் கெடும். பெண்களிற் சிலருக்குக் கர்ப்ப காலத்தில் மூச்சுத் திணறியபோதுதான் செய்தியே தெரிகின்றது.

கெட்ட வால்வை மாற்றலாம். அயல்நாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்தமையால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் நம் நாட்டிலேயே ஒன்றை உருவாக்கினர். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அரிய சாதனையே. ஆயினும் அத்தகைய வால்வு பொருத்தப்பட்டவர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மருந்துண்ண வேண்டும்.

இதைத் தடுக்கும் மருந்தோ மலிவான பென்சிலின். தொண்டைப் புண்ணையே உரிய காலத்தில் வைத்தியரிடம் காட்டுவது முதற்காரியம். வாதக் காய்ச்சல் ஒருமுறை கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொரு முறை ஊசி, குறைந்தது ஐந்தாண்டு போடப்படும். வால்வு பழுதுபட்டிருந்தால் இன்னும் நெடுங்காலம். ஓடியாடும் பிள்ளைக்கு ஊசி எதற்கென்று நிறுத்துவோர் உண்டு. அது பெருந்தவறு.

நம்மவர்க்குத் தனித் தொல்லை ஒன்றுண்டு. விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். ஸ்ரீ விஜயபுரமாகப் பெயர் மாறிய போர்ட் பிளேர் வரை தரைவழி, பிறகு சென்னைக்கு ஏறக்குறைய மூன்று நாள் கப்பல், அப்புறம் கலியாணம், கோயில் திருவிழா. ஊசி நாள் கடந்தே போகும். ஆகவே புறப்படுமுன் வைத்தியரைக் கண்டு, ஊசித் தேதிகள் குறித்த சீட்டை வாங்கிக் கப்பல் டிக்கெட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் அதைக் காட்டலாம். பென்சிலின் ஒவ்வாதவர்களும் உளர். ஆதலின் வைத்தியர் இல்லாத இடத்தில் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளலாகாது.