வீடு சிறியதா, சாமான் பெரியதா?

பட்டணத்தில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். கிராமத்திலே கூடமும் முற்றமும் மட்டும் கொண்டிருந்த விஸ்தீரணத்தில் இங்கே ஒரு குடும்பம் முழுவதும் வாசம் செய்யவேண்டியிருக்கிறது. சமையலறை, படுக்கையறை, கூடம் எல்லாம் சேர்ந்து 500 சதுர அடி கிடைத்தால் அதுவே பாக்கியம். ஊரிலிருந்து உறவினர் வருவதாகச் செய்தி வந்தால், "வரட்டும்" என்று மகிழ்வதற்கு முன்னால், "எங்கே படுக்க வைப்பது?" என்ற கவலை முந்திக்கொள்கிறது. விருந்தோம்பலுக்குப் பேர்போன குடும்பங்களும் இடக் குறைவினால் மனம் குறுகிப்போவது வருந்தத்தக்கதல்லவா?

சுவர்களைத் தள்ளி வைக்க நம்மால் இயலாது. ஆனால் தரையை மீட்க இயலும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள அறையின் பரப்பு 100 சதுர அடி. அதில் 6 அடிக்கு 5 அடி கட்டில் 30 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. பீரோவுக்கு 6, மேஜைக்கு 8. இரண்டரை அடிக் கதவு உட்புறம் திறந்து மூடுவதற்கு ஏறக்குறைய 5. ஆக, 49 சதுர அடி போயிற்று! சதுர அடிக்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய தரையில் பாதியைச் சாமான்களுக்கு இனாமாக எழுதிக் கொடுத்துவிட்டு, வீடு சிறியது என்று குறைப்படுகிறோம்.

நம் முன்னோர் வேறு வழியைக் கையாண்டனர். காலையில் பாயைச் சுருட்டி வைத்தால் படுக்கையறை கூடமாகிவிடும். நண்பகலில் இலை போட்டால் அதுவே போஜனசாலை. மாலையில் குழந்தைகள் பாடம் படிக்குமிடம். பாத்திரபண்டங்கள் பரணிலும், விளக்கு மாடத்திலும், தயிர்ப்பானை உறியிலும் இருந்தன. தரை மட்டும் மனிதர்களுக்கென்று ஒழிந்திருந்தது.

ஜப்பானியர் இந்த முறையை ஒரு கலையாகவே வளர்த்தனர். பழைய பாணியில் கட்டிய அவர்களுடைய வீடுகளில் அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்வது வழக்கம். 'தத்தாமி' என்னும் அந்தப் பாய் ஏறக்குறைய 6 அடி நீளமும் 3 அடி அகலமும் உடையது. இரவில் அதன்மேல் மெத்தையை விரிப்பார்கள். காலையில் மடித்துச் சுவரலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். அறைகளுக்கு இடையே உள்ள தடுப்புகள் பக்கவாட்டில் நகர்பவை. வேண்டும்போது அவற்றைக் கழற்றி இரண்டு அறைகளை ஒன்றாக்கலாம். கியோத்தோ நகரத்து வெள்ளி மண்டபக் கோயிலில், 15-ஆம் நூற்றாண்டில் ஷோகன் பதவியிலிருந்து விலகிய அஷிகாகா யோஷிமாசா தமக்கென்று அமைத்துக்கொண்ட படிப்பறை இன்றும் இருக்கிறது. அதன் அளவு நாலரைப் பாய். அதாவது, சுமார் 80 சதுர அடி!

இனி, நாம் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம். முதலாவதாக, தரையில் நிற்பவற்றைச் சுவரில் ஏற்றுங்கள். கதவு நிலைக்கு மேலுள்ள சுவர் பெரும்பாலும் வீணாகவே கிடக்கிறது. அங்கே ஓரடி அகலப் பலகை அடித்தால் பெட்டிகளும் புத்தகங்களும் அதில் அடங்கும். இரண்டாவதாக, ஜன்னலைப் பீரோவினால் மறைக்காதீர்கள். பார்வை தடையின்றி வெளியே சென்றால் அறை நீண்டு தோன்றும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் பெருகும். மூன்றாவதாக, சுவருக்கும் மேல்தளத்துக்கும் வெண்மையோ ஒரே வெளிர் நிறமோ பூசுங்கள். அடர்ந்த நிறம் வெளிச்சத்தை விழுங்கிவிடும். நான்காவதாக, புதிதாக வாங்கும் சாமான் கால் உயர்ந்ததாக இருக்கட்டும். அடியில் தரை தெரிந்தால் அறை அகன்று தோன்றும். துடைப்பமும் தாராளமாகப் போய்வரும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இடத்தை ஒழிக்கிறோம் என்று புறப்பட்டு, வீட்டில் வாயில்லாதவர்களின் இடத்தைப் பறித்துவிடக் கூடாது. முழங்கால் வலியினால் தரையில் அமர இயலாத பாட்டிக்குக் கட்டில் இன்றியமையாதது. வெளியேற வேண்டியது அந்தக் கட்டில் அன்று; அதன் கீழே பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் கிடக்கும் டிரங்குப் பெட்டியே. குழந்தை தவழ்ந்து விளையாடும் மூலையை உடைந்த நாற்காலிக்குக் கொடுப்பதும் நியாயமாகாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முழக்கோலை எடுத்துக்கொண்டு ஓர் அறையை மட்டும் அளந்து பாருங்கள். ஓர் ஆண்டாகத் தொடாத பொருள்களைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். 6 அடிக்கு 3 அடி தரை மீண்டாலும் போதும். அது இன்னும் ஒருவர் நிம்மதியாகப் படுத்து உறங்கும் இடமாகும்.