எழுதுவதற்குப் பட்டம் வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கதையும் கவிதையும் எழுதுவது தமிழ் இலக்கிய மாணவர்களின் வேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அறிவியல் மாணவன் ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக எழுதினால் போதும். மற்றவற்றை வேலை கிடைத்து ஓய்வாக உட்காரும் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறோம். இது தவறான எண்ணம் என்பதே என் கருத்து. எழுதத் தொடங்க வேண்டிய காலம் இதுதான். தொடங்க வேண்டியவர்களும் நாம்தான்.

நம் ஊர்ப் பெருமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1920-களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. இரண்டிற்கும் லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சகங்கள் வளர்ந்தன. இன்று நாட்டின் எத்தனையோ ஊர்களில் சுவரில் தொங்கும் காலண்டரும், மேசை மேல் கிடக்கும் டைரியும், பிள்ளைகள் தூக்கிச் செல்லும் நோட்டும் சிவகாசியில் அச்சானவை. ஊருக்கெல்லாம் எழுதத் தாள் கொடுக்கும் நாம், நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பது எவ்வளவு?

வெளியூர்ப் பத்திரிகைகளில் நம் பகுதியின் பெயர் அடிபடுவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒன்று தீபாவளி, மற்றொன்று விபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எண்ணிக்கை செய்தியாயிற்று. ஆனால் அப்படி மாண்டு போகிறவர்கள் அன்று காலை தூக்குவாளியில் என்ன கொண்டு போனார்கள், எந்தச் சீட்டுப் பணத்தை எண்ணிக் கவலைப்பட்டார்கள், வேனில் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பதை எந்த நிருபர் எழுதுவார்? அந்த வேனில் தாயை ஏற்றிவிட்டுக் கல்லூரிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிற நாமல்லவா எழுத வேண்டும்!

‘நமக்கு அதற்குரிய படிப்பில்லையே’ என்பீர்கள். நமது மாவட்டத்தின் மேலாண்மறைநாட்டில் 1951-இல் பிறந்தவர் மேலாண்மை பொன்னுச்சாமி. அவர் பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். கிராமத்தில் ஒரு சிறு கடை வைத்துப் பிழைத்தார். அந்த வாழ்க்கைக்கிடையே கரிசல் காட்டுச் சம்சாரிகளையும் கூலிக்காரர்களையும் பற்றிக் கதை கதையாக எழுதினார். ‘மின்சாரப்பூ’ என்ற சிறுகதைத் தொகுதிக்கு 2008-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017-இல் மறையும்வரை அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அவரைத் தேடி எந்தப் பல்கலைக்கழகமும் பேனா கொடுக்க வரவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த பாமா, தம் மக்களின் பேச்சு மொழியிலேயே ‘கருக்கு’ நூலை எழுதி 1992-இல் வெளியிட்டார். அஞ்சல் துறையில் பணிபுரிந்த ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்ற சிறுகதைதான் 2008-இல் ‘பூ’ என்ற திரைப்படமாயிற்று. இவர்கள் எல்லோரும் நம் வெயிலில் வளர்ந்தவர்களே.

‘எழுத்து சோறு போடுமா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தக் கேள்வியின் நியாயம் எனக்குத் தெரியும். எழுத்து சோறு போடாது. பொன்னுச்சாமிக்கும் கடைதான் சோறு போட்டது. எனவே படிப்பை விட்டுவிட்டு எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். என் பாட்டிக்குக் கைநாட்டு. ஊர்க் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும், எழுதத் தெரியாது. நாளை என் பிள்ளைக்கு எழுதத் தெரியும். அந்தக் கதைகளும், கட்டை அடுக்குதல், திரி வெட்டுதல், மணிமருந்து என்ற சொற்களும் தெரியாமல் போகலாம். வீட்டுச் சொல்லும் எழுத்தும் ஒரே கையில் சேர்ந்திருப்பது நம்மிடம்தான். பட்டம் வாங்கிய கையோடு ஓசூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போகுமுன் அவற்றை ஏட்டில் ஏற்றிவிட வேண்டாமா?

அதற்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டும் நாளுக்கு அரைமணி நேரமும்தான். ஆய்வகத்தில் முதலில் கண்டதைக் குறிக்கிறோம். முடிவைப் பிறகு எழுதுகிறோம். அந்தப் பழக்கம் இங்கும் கைகொடுக்கும். நிலவையும் முகிலையும் விட்டுவிட்டு, இன்று தெருக்குழாயடியில் கேட்ட சண்டையை, கேட்டபடியே எழுதுங்கள். எழுத்துப்பிழை வந்தால் வரட்டும். இந்த நோட்டுக்கு மதிப்பெண்ணும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. ஓராண்டு யாருக்கும் காட்டாமல் எழுதினாலும் நட்டமில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுரைப் போட்டிக்கு ‘இளைஞர்களின் கடமை’ என்று தலைப்புக் கொடுத்தால் நாங்கள் நோட்ஸைப் பார்த்து எழுதிவிடுகிறோம். ‘என் தெரு’ என்று கொடுங்கள். எந்த நோட்ஸிலும் அது இருக்காது. மாதம் ஒரு மாலை, எத்துறை மாணவரானாலும் எழுதியதைப் படித்துக் காட்ட ஒரு வகுப்பறையைத் திறந்து வையுங்கள்.

நண்பர்களே! நம் தாய் தந்தையர் ஒட்டிய லேபிளில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை. அதை எழுதும் வேலை நமக்காகக் காத்திருக்கிறது. இன்றிரவே தொடங்குவோம்.