கன்ட்ரோலரின் செட்டிங்ஸும் விற்பனைச் சரக்குதான்

வெள்ளவத்தையில் பேக்கரி நடத்துபவரும் கொட்டாஞ்சேனையில் குளிர் அறை வைத்திருப்பவரும் இன்று கன்ட்ரோலர் பொருத்திய மெஷின்களையே வாங்குகிறார்கள. விலை, வொரண்டி, மின்செலவு எல்லாம் துருவித்துருவி விசாரிப்பார்கள். அந்தக் கன்ட்ரோலர் கணனியுடன் எந்த செட்டிங்ஸில் பேசும் என்று கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பிற்பாடு செலவு வைப்பது அதுதான்.

விடயம் பெரிய வித்தையல்ல. கன்ட்ரோலர்கள் பலவற்றுக்கும் பொதுவான பாஷை 'மொட்பஸ்'. 1979இல் அமெரிக்காவின் மொடிகன் கம்பனி வெளியிட்டது. இரண்டு வயர் வழியாகத் தகவல் ஒரு பொதியாகப் போகும். முதலில் கருவியின் இலக்கம், அடுத்து செய்யவேண்டிய வேலையின் குறியீடு, பிறகு தரவு, கடைசியில் பிழை பார்க்க இரண்டு பைட். துறைமுகத்தில் இறங்கும் பெட்டிக்கு விலாசமும் பட்டியலும் சீலும் இருப்பதுபோல.

வேகம் 9600ஆ 19200ஆ, பரிட்டி உண்டா இல்லையா, ஸ்டொப் பிட் ஒன்றா இரண்டா என்பதெல்லாம் இருபக்கமும் ஒத்திருக்க வேண்டும். மொட்பஸ் விதிப்படி வழமையான பரிட்டி 'ஈவன்'. சந்தைக்கு வரும் கருவிகள் பலவோ பரிட்டி இல்லாமலே வருகின்றன. பதில் வராதபோது "போர்ட் பழுது" என்று நல்ல கன்ட்ரோலரைக் கழற்றிப் போடுகிறோம்!

பதில் வராததைவிட ஆபத்தானது பிழையான பதில். 180.5 பாகை வெப்பத்தைக் கருவி 1805 என்றே அனுப்பும். தசமம் எங்கே என்பது பொதியில் இருக்காது. பெரிய எண்கள் இரண்டு பகுதியாக வரும். எது முந்தியது என்பதைக் கம்பனிக்குக் கம்பனி மாற்றி வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரோனிக் தராசிலிருந்து நேரே பில்லுக்கு நிறை போகும் கடைகளில் இது விளையாட்டல்ல. அளவை நிறுவையில் மோசம் செய்வோரை எச்சரிக்க ஒரு தனி சூராவே இறங்கியிருக்கிறது.

நான் வாங்கிய ஓர் அவனுக்கு இந்த விபரங்களைக் கேட்டேன். "ஆள் அனுப்புகிறோம், விசிட் சார்ஜ் தனி" என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய மெஷின் பேசும் பாஷையை அறிய இன்னொரு கட்டணமா? பூட்டை விற்றுவிட்டுத் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது போன்ற வியாபாரம் இது. வாங்குபவர் செட்டிங்ஸை மாற்றிக் கெடுத்துவிடுவார் என்ற விற்பனையாளரின் பயத்தில் நியாயம் உண்டு. மாற்றுவதற்குக் கடவுச்சொல் போடட்டும். வாசிப்பதை மறைக்க நியாயமில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரா பகராவின் 282ஆம் வசனத்தை அறியாத வியாபாரி நம்மில் இல்லை. அந்தப் பழக்கத்தை இதற்கும் நீட்டலாமே. கருவி இலக்கம், வேகம், பரிட்டி, ஸ்டொப் பிட், ரெஜிஸ்டர் பட்டியல், தசம இடம் ஆகியவற்றை இன்வொய்ஸோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் கொடுக்குமுன் ஒரு லெப்டொப்பில் வெப்பநிலையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய மெஷின் வாங்குவோர் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

தாளைப் பனல் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு கைதேர்ந்த டெக்னீஷியன்கள் எத்தனையோ பேர் வெளிநாடு போய்விட்டார்கள். புதிதாக வருபவர் அந்தத் தாளைப் பார்த்தே வேலையைத் தொடங்குவார்.