ஏரிக்கரையில் ஒரு வீடு



நம் கொடைரோடு நிலையத்தில் இறங்குவோரில் பலர் இவ்வூரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் கண் மலையின்மேல் இருக்கிறது. கொடைக்கானல் ஏரிக்கு அருகே வீடு வாங்கிய நம் சபைக் குடும்பம் ஒன்று, பிரதிஷ்டை ஜெபத்திற்கு என்னை அழைத்திருக்கிறது. மகிழ்ச்சியோடு போவேன். ஆயினும் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள் அங்கே முதல் வீடுகளைக் கட்டியது, சமவெளியின் காய்ச்சலுக்குத் தங்களவர் பலரைப் பறிகொடுத்த பின்பே. அது உயிர்தப்ப நாடிய அடைக்கலம். ஏரியும் மனிதர் உண்டாக்கியதே. 1863-இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துத் தேக்கினார். இன்றோ அதன் சுற்றுப்புறத்தில், ஆண்டில் சில நாட்களே திறக்கும் வீடுகளைக் காண்கிறேன். 2024 மே முதல் மலையேறும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும், அவ்வளவு நெரிசல். அதற்கிடையே விடுதிகளில் வேலைசெய்வோர் வாடகைக்கு ஓர் அறை தேடி அலைகிறார்கள்.

வீடு வாங்குவது பாவமென்று நான் பிரசங்கிப்பதில்லை. (சபை தந்த வீட்டில் குடியிருப்பவன் இதைப் பேசுவது எளிது என்பீர்கள், மெய்தான்.) ஏசாயா 5:8-ஐ வாசித்துப் பாருங்கள். தீர்க்கதரிசி கண்டித்தது வீட்டையல்ல, பிறருக்கு இடமின்றிச் சேர்த்துக்கொண்டே போவதை.

"நீங்கள் இல்லாத பதினொரு மாதமும் அங்கே யார் உறங்குவார்கள்?" என்று அக்குடும்பத்தாரைக் கேட்டேன். சற்று மௌனம். தோட்டக்காரர் தினமும் பண்ணைக்காட்டிலிருந்து பேருந்தில் வந்து போகிறார் என்றார்கள். பின்கட்டில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறதாம்.