பூட்டு இருந்தால் போதுமா? சாவி யார் கையில்?



நம் கொடைரோடு கடைவீதியில் மளிகைக் கடை, பழக்கடை, டீக்கடை என்று எங்கு பார்த்தாலும் கியூ.ஆர். அட்டை நிற்கிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்தபோது, "இதெல்லாம் பட்டணத்துக்காரர்களுக்கு" என்று ஒதுங்கியவர்கள்கூட இன்று அது இல்லாமல் கடை நடத்த முடிவதில்லை. திண்டுக்கல், மதுரை மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கியும் செல்போன் வழியாகவே போகிறது. சரக்கு இருப்பும் பேரேடும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. ஆக, நம் கல்லாப்பெட்டியில் பாதி செல்போனுக்கு இடம் மாறிவிட்டது. அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்று எத்தனை முதலாளிகள் யோசித்திருக்கிறோம்?

"அதெல்லாம் கடைப் பையன் பார்த்துக்கொள்வான்" என்பதுதான் நம்மில் பலர் சொல்லும் பதில். பையன் நல்லவனாகவே இருக்கட்டும். ஆனால் கல்லாச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, மாதக் கணக்கில் எண்ணிப் பார்க்காமல் இருப்போமா? இரும்புப் பெட்டிக்கு ஒரு நியாயம், செல்போனுக்கு ஒரு நியாயமா?

இது சிறு கடைகளுக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல. 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பும் ஸ்விப்ட் முறைக்குள் திருடர்கள் புகுந்து, ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று தவணையாக துபாய், துருக்கி, சீனாவுக்கு அனுப்ப உத்தரவு கொடுத்துவிட்டார்கள். அனுப்பிய பணத்துக்கான ஒப்புதல் செய்தி அச்சாகி வரும் பிரிண்டரையும் முதல் நாளே செயலிழக்கச் செய்திருந்தார்கள். மறுநாள் காலை ஊழியர்கள் கணக்கைச் சரிபார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. உடனே தகவல் பறந்ததால் துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் தடுத்து நிறுத்தப்பட்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலும் இதே கதைதான். அங்கேயும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. வழக்கமான பழுது என்று நினைத்துவிட்டார்கள். அது வார விடுமுறை நேரம் வேறு. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் அந்த வங்கியின் கவர்னரே பதவி விலக நேர்ந்தது. கம்ப்யூட்டர் பிரிவில் நடந்த திருட்டுக்குத் தலைவர் பொறுப்பேற்க வேண்டி வந்தது!

கும்பகோணத்தில் திருட்டைக் கண்டுபிடித்தது புதுமையான கருவி எதுவும் அல்ல. நம் பாட்டன், முப்பாட்டன் காலத்துப் பழக்கமான கணக்கு நேர் பார்த்தல்தான். அதை தினமும் செய்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட வேண்டியவர் யார்? கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரா? இல்லை, தொழிலை நடத்துகிற தலைமைதான். யாரிடம் எந்தப் பொறுப்பு, எந்தத் தொகைக்கு மேல் யாரைக் கேட்க வேண்டும், தப்பு நடந்தால் முதல் போன் யாருக்கு என்பதெல்லாம் வியாபாரத் திட்டத்தில் சேர்ந்தவை. கொள்முதலையும் கடன் கொடுப்பதையும் நாமே தீர்மானிப்பது போல இதையும் நாமே தீர்மானிக்க வேண்டும்.

நம் கடை அளவுக்கு ஐந்து காரியங்கள் போதும்.

ஒன்று, பணம் வந்ததை வாடிக்கையாளர் காட்டும் செல்போன் திரையை வைத்து நம்பக் கூடாது. நம் கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரயிலை விட்டு இறங்கி கொடைக்கானல் போகிறவரை மறுநாள் எங்கே தேடுவது?

இரண்டு, பணம் கட்டும் ரகசிய எண் முதலாளிக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். வரவு பார்க்கும் வசதி மட்டும் பையனுக்குப் போதும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கேட்பவன் திருடன்.

மூன்று, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று சரக்கு அனுப்புகிறவர் பெயரில் தகவல் வந்தால், பழைய எண்ணில் அவரைக் கூப்பிட்டு, அவர் குரலில் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

நான்கு, கம்ப்யூட்டர் கணக்குக்கு வாரம் ஒரு நகல் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் செருகி வைக்காமல் தனியே பூட்டி வைக்க வேண்டும்.

ஐந்து, கடை சாத்துமுன் ரொக்கத்தோடு வங்கி வரவையும் சிட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். காலையில் கடை திறந்ததும், கியூ.ஆர். அட்டை மேல் வேறு எவனுடைய அட்டையாவது ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

"நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள்?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். வங்கிக்கு 20 லட்சம் டாலர் போனால் தாங்கும். நமக்கு தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த இரண்டு லட்சம் போனால், மொத்த வியாபாரியிடம் சொன்ன நாணயமும் கூடவே போகிறது. அடுத்த லோடு கடனுக்கு வராது. அந்த நாணயத்தைச் சம்பாதிக்க நமக்கு இருபது வருடம் ஆகியிருக்கும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். துபாய்ப் பணம் திரும்பியது வேகத்தால்தான். பையன் தவறு செய்தாலும் பயமில்லாமல் நம்மிடம் ஓடிவந்து சொல்லும்படி அவனை நடத்த வேண்டும். அடிக்குப் பயந்து அவன் ஒளித்து வைக்கும் ஒரு மணி நேரம் நம் பணத்துக்கு எமன்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் வரி, எடைக்கல் முத்திரை பற்றிப் பேசுவது போல இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். ஒரு கடையில் நடந்த ஏமாற்று, பெயர் சொல்லாமல், மற்ற கடைகளுக்கு அன்றே தெரிய வேண்டும்.

பூட்டுக்குப் பேர் போன மாவட்டம் நம்முடையது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் எத்தனை நல்ல பூட்டானாலும், சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனால் அது என்ன செய்யும்? முதலாளிமார்களே, இன்று இரவு கடை சாத்தும் முன் அந்தச் சாவியை முதலில் கையில் எடுங்கள்.