பூனையை வெட்டாதீங்கய்யா!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காரமான பதிவு. பொட்டி தட்டுற பயலுக்கு ஓவியத்துல என்ன வேலைன்னு கேக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம்.

மேட்டர் இதுதான். ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா 1787-88 வாக்கில் ஒரு சின்னப் பையனை வரைந்தார். பேரு மானுவல் ஒசோரியோ மான்ரிக்கே தெ சூனிகா. மூச்சு வாங்குதா? விடுங்க, ஊரே 'சிவப்புப் பையன்'னுதான் சொல்லுது. அல்தமீரா பிரபுவோட மகன். உடம்பு முழுக்கச் சிவப்பு உடுப்பு, கழுத்துல லேஸ் காலர், இடுப்புல பட்டுக் கட்டு. ஒரிஜினல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல இருக்கு. நகல் எல்லா இடத்துலயும் இருக்கு: கேன்வாஸ், காபி கப், தலகாணி உறை, எதுல வேணும்?

நகல் போடறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். கோயாவே நகல் எடுத்த ஆளுதான். 1778-ல் மாட்ரிட் அரண்மனையில் இருந்த வெலாஸ்கெஸ் ஓவியங்களைப் பார்த்து செப்புத் தகட்டில் செதுக்கி அச்சுப் போட்டார். அதுல குதிரை மேல உக்காந்திருக்கிற இளவரசர் பல்தசார் கார்லோஸ் படமும் ஒண்ணு. அதுவும் ஒரு குழந்தைப் படம்தான்! "ஒரிஜினலைப் பாக்காதவன் ஓவியத்தைப் பத்திப் பேசக்கூடாது"ன்னு சொல்ற மேதாவிகள் முதல்ல கோயா கிட்டப் போய்ச் சண்டை போடட்டும். நியூயார்க் டிக்கெட் எடுக்க வழியில்லாதவனுக்கு நகல்தான் மியூசியம்.

என் கோவம் வேற. பையன் அழகா இருக்கான்னு அவனை மட்டும் வச்சிக்கிட்டு, கீழ இருக்கிறதை வெட்டி, 'குழந்தைகள் அறைக்கு ஏற்ற அலங்காரம்'னு விக்கிறாங்களே, அதுதான்.

கீழ என்ன இருக்கு? பையன் கையில ஒரு கயிறு. கயித்தோட மறுமுனையில ஒரு மேக்பை, காக்கா சாதிப் பறவை. அதன் அலகுல ஒரு சீட்டு, அதுல கோயாவோட பேரு. வலது பக்கம் கூண்டுக்குள்ள குட்டிக் குருவிகள். இடது பக்கம் பூனைகள், கண்ணை அகல விரிச்சு மேக்பையையே பாத்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பூனைன்னு நினைப்பீங்க. உத்துப் பாருங்க, இருட்டுக்குள்ள மூணாவதா ஒரு கறுப்புப் பூனை.

பையன் கயித்தை விட்டா என்ன ஆகும்? அவனுக்கு அந்தக் கவலையே இல்ல, எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கறான். இந்தப் பையன் 1784-ல் பிறந்தவன், 1792-ல் செத்துப் போயிட்டான். எட்டு வயசு. கோயாவுக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருக்க வழியில்ல. ஆனா குழந்தைப் பருவத்துக்கும் ஆபத்துக்கும் நடுவுல ஒரு கயிறுதான் இருக்குன்னு வரைஞ்சு வச்சிட்டார். பூனையை வெட்டினா அந்த பயமும் போயிடும். மிச்சம் இருக்கிறது துணிக்கடை விளம்பரம்.

"ஃப்ரேம் சைஸுக்கு அடங்கலை சார்"ன்னு சாக்கு சொல்வாங்க. நம்ம கிட்டயேவா? ஒரிஜினல் 127 x 101.6 செ.மீ. அதாவது 50 x 40 அங்குலம், கணக்கா 5:4. சாதாரணமாக் கிடைக்கிற 10 x 8, 20 x 16 ஃப்ரேம்ல ஒரு பூனை மயிர் கூட வெட்டுப்படாம உக்காரும். சதுரத் தலகாணிக்கும் நீளக் கேன்வாஸுக்கும் பொருந்தணும்னுதான் இந்த வெட்டு.

அடுத்த கொடுமை பிரிண்ட். நிழல் பகுதி எல்லாம் ஒரே கறுப்பா அப்பினா மூணாவது பூனை காலி. அதுக்கு மேல பளபளன்னு ஜெல் தடவி 'தூரிகைத் தடம்'னு ஏமாத்து வேற. அந்தத் தடத்துக்கும் கோயா கை போன போக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கையால வரைஞ்ச நகலா? சீனாவில் ஷென்சென் பக்கத்து டாஃபென்ல 1989-லிருந்து அதுவே தொழில். ஒரே படத்தைப் பல பேர் பங்கு பிரிச்சு வரையறதும் உண்டு. அந்த ஓவியர்கள் மேல எனக்கு வருத்தமே இல்ல, உழைச்சுச் சாப்பிடறாங்க. அதை வாங்கி 'மியூசியம் தரம்'னு பேரு வச்சு விக்கிறவன் மேலதான்.

இவ்வளவுக்கும் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017 பிப்ரவரியில் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை யாரும் எதுக்கும் பயன்படுத்தலாம்னு திறந்து விட்டுடுச்சு. சிவப்புப் பையனையும் அங்கயே இலவசமா எடுத்துக்கலாம். தெரு முனை பிரிண்ட் கடையில 20 x 16 போட்டு, அடியில 'நகல்'னு எழுதி மாட்டுங்க. அது நேர்மையான நகல்.

இல்ல, கடையிலதான் வாங்குவேன்னா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பூனை மூணா? சீட்டுல கோயா பேரு தெரியுதா? அடியில பையனோட பேரும் பிறந்த தேதியும் எழுதின வரி இருக்கா? ஒண்ணு குறைஞ்சாலும் வேணாம்னு சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.

டிஸ்கி: "குழந்தை ரூம்ல பயமுறுத்துற பூனை எதுக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு: அப்போ வேற படம் மாட்டுங்க சாமி, இவனை விட்டுடுங்க.