அந்த ஊசிக்கு ஓராண்டுதான் ஆயுள்!



மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனவர்கள், அர்ச்சுனன் தபசுப் பாறையில் கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அதன் காலடியில் எலிகள் பயமின்றி நிற்கும். கல்லில் இருக்கும் எலியால் யாருக்கும் தொல்லை இல்லை. வயல் வரப்பிலும், சாக்கடை ஓரத்திலும் ஓடும் எலி அப்படியல்ல. அதன் சிறுநீரில் 'லெப்டோஸ்பைரா' என்ற கிருமி இருக்கலாம். திருகாணி போல் சுருண்ட இந்தக் கிருமி, மழைத் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். கடலின் உப்புநீரும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் அலையில் கால் நனைப்பதைவிட, ஊருக்குள் தேங்கிய குட்டையில் குதிப்பதுதான் ஆபத்து!

இந்தக் கிருமியால் வருவதுதான் எலிக்காய்ச்சல். 1886-ல் ஜெர்மனி மருத்துவர் அடால்ஃப் வைல் இந்த நோயை விவரித்து எழுதினார். அந்தமானில் பல ஆண்டுகள் காரணம் புரியாமலிருந்த ஒரு காய்ச்சலும் இதுதான் என்று 1990-களில் தெரிய வந்தது.

ஏரிகளும் நெல்வயல்களும் நிறைந்த எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில், ஐப்பசி மழை பிடித்தால் தெருவெல்லாம் தண்ணீர். உங்கள் வீட்டு மணியோ, டைகரோ அதை நக்கிக் குடிக்கும். புண்ணுள்ள காலோடு அதில் நடக்கும். நோய் வந்தால் சாப்பிடாது, வாந்தி எடுக்கும், கண் மஞ்சளாகும். சிறுநீரகமும் ஈரலும் கெடும். நோய் பிடித்த நாயின் சிறுநீர் மூலம் உங்களுக்கும் அது வரலாம்.

"எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு சார்" என்பீர்கள். எந்த ஊசி? எப்போது போட்டது? இங்கேதான் பலரும் விழிக்கிறார்கள். வெறிநாய்க்கடி நோய்க்குப் போடும் ஊசி எலிக்காய்ச்சலைத் தடுக்காது. எலிக்காய்ச்சலுக்கான மருந்து பெரும்பாலும், பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியில் இருக்கும். எல்லாக் கூட்டு ஊசியிலும் இருக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே கூட்டு ஊசியில் உள்ள டிஸ்டெம்பர், பார்வோ மருந்துகளின் பாதுகாப்பு, குட்டிப் பருவ ஊசிகளை முறையாக முடித்த நாய்க்கு மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ நிற்கும். எலிக்காய்ச்சல் மருந்துக்கு மட்டும் ஓராண்டுதான். ஏன் இந்த வித்தியாசம்? டிஸ்டெம்பர் மருந்தில் இருப்பது பலம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. உடம்பு அதோடு நிஜமாகவே சண்டை போட்டுப் பழகிக்கொள்கிறது. எலிக்காய்ச்சல் மருந்தில் இருப்பதோ செத்த கிருமி. அதன் மேல்தோலில் உள்ள சர்க்கரைப் பொருளைத்தான் உடம்பு முக்கியமாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. அந்த அடையாளம் நெடுநாள் மனதில் தங்காது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு மட்டும் படித்த பாடம் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

முதல்முறை போடும்போது ஓர் ஊசி போதாது. இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டாவதும் போட வேண்டும். அதன் பிறகு வருடம் ஒன்று. நடுவில் பல மாதம் தள்ளிப்போய்விட்டால், மறுபடி இரண்டு ஊசியிலிருந்து தொடங்கச் சொல்வார் டாக்டர். மழை கொட்டும்போது ஓடிப் பயனில்லை. ஆவணியிலேயே போட்டு முடித்தால் நல்லது.

லெப்டோஸ்பைராவில் 250-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஊசி தடுப்பது அவற்றில் சிலவற்றை மட்டுமே. ஆகவே ஊசி போட்ட நாயானாலும் அதன் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள். மிச்சச் சோற்றை இரவில் அதன் தட்டில் விட்டு வைக்காதீர்கள். எலிக்கு அது விருந்து. மழையில் நடந்த பின் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால் அம்மாவிடம் உடனே சொல்லுங்கள். டாக்டரிடம் சீக்கிரம் போனால் மருந்தில் குணமாகும்.

நாய்க்கென்று ஒரு தடுப்பூசி அட்டை வீட்டில் எங்காவது இருக்கும். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் தேடிப் பாருங்கள். கடைசியாகப் போட்ட தேதியைப் பார்த்து, அதிலிருந்து பன்னிரண்டு மாதம் எண்ணி, வீட்டுக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.